சீம்பால் நிறக் காருக்கு ஒரு நம்பர்

பணம் இருந்தால் கார் வந்துவிடும், ரோடு வராது. ரோட்டை வாங்கித் தருவதுதான் என் தொழில். வெளிநாட்டில் செய்த வண்டிகள், ஐம்பது வயது தாண்டிய வண்டிகள், தார்ப்பாய்க்கு அடியில் நாய்க்குட்டிகளுக்கு நிழல் தந்துகொண்டிருந்த வண்டிகள், இவற்றுக்குப் படிவம் நிரப்பி, சலான் கட்டி, ஆய்வாளர் முன்னால் நிறுத்தி நம்பர் வாங்கித் தருகிறேன். சிங்காநல்லூரில் ஒரு பேக்கரியின் மாடியில் என் அறை. எனக்குச் சொந்தமாக ஒரு மொபெட் உண்டு. அதற்கு எல்லாக் காகிதமும் உண்டு.

வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில், தன் பெயரைக் கூப்பிடுவார்கள் என்று நம்பி, மின்விசிறியைப் பார்த்தபடியே ஒரு பகலைக் கழித்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். அங்கே இருக்கும் மர பெஞ்சில் கோடீசுவரருக்கும் நமக்கும் ஒரே அகலந்தான்.

நாலு பலகை

திருப்பூர் பனியன் ஏற்றுமதியாளர் ஒருவர் இத்தாலியில் செய்த கார் ஒன்றை வரவழைத்தார். சுங்கக் காகிதம், வரி ரசீது, இன்சூரன்ஸ் எல்லாம் சரியாக இருந்தன. ஆனால் தரைக்கும் அந்தக் காரின் வயிற்றுக்கும் நடுவே என் நான்கு விரல்கள் நுழையும், கட்டைவிரல் நுழையாது. ஆய்வுக்குக் கொண்டுபோகும் வழியில் ஏழு வேகத்தடைகள்.

அதனால் பின்னாலேயே ஒரு சரக்கு ஆட்டோவில் நாலு பலகைகள் வந்தன. ஒவ்வொரு வேகத்தடையிலும் கார் நிற்கும். இரண்டு பேர் இறங்கி, தடைக்கு இந்தப் பக்கம் இரண்டும் அந்தப் பக்கம் இரண்டுமாகப் பலகையைச் சாய்த்து வைப்பார்கள். கார் மதில்மேல் பூனை நடப்பதுபோல ஏறி இறங்கும். மார்கழிப் பனி இன்னும் விலகவில்லை. பின்னால் பஸ்கள் நின்றன. ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. கல்லூரிப் பஸ்ஸின் சன்னல்களில் வரிசையாக முகங்கள், எல்லாம் தூக்கத்தில் எதையோ பார்ப்பவைபோல. ஏழாவது தடையைத் தாண்டியதும் ஆட்டோக்காரர் பலகைகளை அடுக்கிக்கொண்டே என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "சார், இந்தக் காரையும் என்ற வண்டியிலயே ஏத்திட்டு வந்திருக்கலாமுங்களே, பலகையோட பலகையா."

மயில்

அன்னூருக்கு வெளியே தென்னந்தோப்புக்குள் ஏழு கார்கள் வைத்திருக்கும் ஒருவர் எனக்குப் பழைய வாடிக்கை. அவர் எதையும் ஓட்டுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒவ்வொன்றாக இன்ஜினைக் கிளப்பச் சொல்லி, நாற்காலி போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிக் கேட்பார். கச்சேரிக்குப் போகிறவர்கள் உண்டல்லவா, அதுபோல. பக்கத்துத் தோட்டத்துக்காரர் சத்தம் தாங்கவில்லை என்று மனுப் போட்டுவிட்டார்.

ஆய்வாளர் சத்தம் அளக்கும் கருவியோடு வந்தார். முதல் இரண்டு வண்டிகளில் குறை இல்லை. மூன்றாவது, நீல நிறம். அதைக் கிளப்பியதுதான் தாமதம், தோப்பிலிருந்த மயில்கள் அத்தனையும் பதில் கொடுத்தன. கருவியில் எண்கள் ஏறிக்கொண்டே போயின. இன்ஜினை நிறுத்தினோம், மயில்கள் நிறுத்தவில்லை. அவை ஓயும்வரை காத்திருந்து மறுபடி கிளப்பினோம். மறுபடி அவையும் கிளம்பின. பனியில் நனைந்த பூட்சோடு ஆய்வாளர் நீண்ட நேரம் மரங்களை அண்ணாந்து பார்த்தபடி நின்றார். பிறகு பேனாவை மூடினார். "காருக்கு ரூல் புத்தகம் இருக்குதுங்க. மயிலுக்கு என்னன்னு எழுதறது?"

விரல் வளையம்

அன்று தோப்புக்கு வேடிக்கை பார்க்க வந்திருந்தவர்களில் ஒருவர் சென்னியப்பன். பல்லடத்துக்குப் பக்கத்தில் கோழிப்பண்ணை வைத்திருப்பவர், அறுபத்தைந்து வயது இருக்கும். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏனுங்க, ஒரு வண்டிக்கு நம்பர் வாங்கோணும். ஐப்பசிக்குள்ள ஆகுங்களா?" என்றார். அப்போது பங்குனி. அதற்குள் எத்தனையோ செய்யலாம் என்று சொன்னேன்.

வண்டியைப் பார்க்கப் போனேன். கோழிக் கொட்டகைகளைத் தாண்டி, காற்றாலைகள் தெரியும் மேட்டில் ஒரு பழைய தீவனக் கிடங்கு. உள்ளே அரை இருட்டில் அது நின்றது. அமெரிக்காவில் செய்த கார், மேற்கூரை மடங்கக்கூடியது, இடப்பக்கம் ஸ்டீயரிங். சீம்பால் நிறம். கன்று ஈன்ற மறுநாள் பாலில் இருக்குமே, அந்த மஞ்சள். இருபது வயதில் வால்பாறை எஸ்டேட் ஒன்றுக்கு முட்டை கொண்டுபோனபோது, மேனேஜர் பங்களா வாசலில் இதைப் பார்த்தாராம். யாராவது துடைத்துக்கொண்டிருப்பார்களாம். அது ஓடி அவர் பார்த்ததே இல்லை. போன வருடம் எஸ்டேட் கைமாறியபோது போய் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். சிங்காநல்லூரில் பெயிண்டர் தங்கராஜிடம் எட்டு மாதம் கிடந்து இந்த நிறத்தோடு திரும்பியது.

ஏன் ஐப்பசி என்று கேட்டேன். "லைசென்ஸ் ஐப்பசியோட முடியுதுங்க. புதுசு பண்ண டாக்டர் கையெழுத்து வேணும். என்ற டாக்டர் நல்லவருங்க. பொய் எழுத மாட்டாரு." பிறகு தன் கையைக் குழல்போல மடக்கி என் வலக் கண்ணில் வைத்தார். இடக் கண்ணை மூடச் சொன்னார். அந்த ஓட்டை வழியாக ஒரே ஒரு விளக்கும் கொஞ்சம் சீம்பால் நிறமும் தெரிந்தன. மற்றதெல்லாம் அவர் உள்ளங்கையின் இருட்டு. நாளுக்கு நாள் ஓரங்கள் அழிந்துகொண்டே வருகின்றன என்றார். ஒரு தடவை, பல்லடத்திலிருந்து சிங்காநல்லூர் வரை, திருச்சி ரோட்டில், தானே ஓட்டிப் போக வேண்டும். அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது. மடக்கிய கையைக் காட்டிச் சொன்னார்: "இதுக்குள்ள வரைக்கும் தெளிவாத் தெரியுமுங்க. ரோடும் அத்தனை அகலந்தானுங்களே."

பென்சில்

எங்கள் தொழிலில் எல்லாம் ஒரு பென்சிலில்தான் தொடங்குகிறது. வண்டியின் இரும்புச் சட்டத்தில் சேஸிஸ் நம்பர் குத்தியிருப்பார்கள். அதன்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் நம்பர் தாளில் எழுந்து வரும். அந்தத் தாள் இல்லாவிட்டால், எத்தனை லட்சம் கொடுத்து வாங்கியிருந்தாலும், அது அரசாங்கத்தின் கண்ணில் கார் இல்லை. நாலு சக்கரத்தோடு இருக்கும் ஒரு சாமான்.

பழைய ஆர்.சி. புத்தகத்தைக் கரையான் தின்றிருந்தது. மிஞ்சிய பக்கத்தில் சேஸிஸ் நம்பரின் கடைசி மூன்று இலக்கங்கள் இல்லை. பரவாயில்லை, சட்டத்தில் இருக்கும் என்று பென்சிலோடு கீழே படுத்தேன். வலப்பக்க முன்சக்கரத்துக்குப் பின்னால் இருக்க வேண்டும். தேய்த்தேன். தாள் சாம்பல் நிறமானது. மழைக்கு முந்திய வானம்போல ஒரே சீராக, ஓர் எழுத்தும் இல்லாமல். இன்னொரு தாள். இன்னொரு வானம்.

தங்கராஜை வரவழைத்தேன். அவரும் என் பக்கத்தில் படுத்து, அந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். முகத்தில் தெரிந்த பெருமையை அவரால் மறைக்க முடியவில்லை. "துரு தின்ன பள்ளமாக்கும்னு பட்டி வெச்சுத் தேய்ச்சுப்போட்டேனுங்க. ஆனா பாருங்க, கண்ணாடி மாதிரி வந்திருக்குதுங்களா இல்லீங்களா?"

தொட்டுப் பார்த்தது

தங்கராஜே தான் போட்ட பெயிண்டைக் கரைத்து எடுத்தார். பள்ளத்தை அடைத்த பட்டியைச் சுரண்டக் கூடாது, சுரண்டினால் நம்பரும் போய்விடும். மருந்து தடவி, ஊறவிட்டு, பழந்துணியால் துடைக்க வேண்டும். இரண்டு நாள் ஆனது. ஆடிக் காற்றில் கிடங்கின் தகரம் விடாமல் முனகிக்கொண்டிருந்தது. கடைசியில் இரும்பு தெரிந்தது. புத்தகத்தில் இருந்த எண்கள் அதே வரிசையில் மங்கலாக வந்தன. கடைசி மூன்று மட்டும் பிடிபடவில்லை. அந்த இடத்தில் நிஜமாகவே துரு தின்றிருந்தது.

சென்னியப்பனின் மனைவி மரகதம் அதுவரை வாசலிலேயே நின்றிருந்தார். பண்ணையின் தீவன வேனையும் டிராக்டரையும் ஓட்டுவது அவர்தான். டார்ச்சை என் கையிலிருந்து வாங்கினார். "நேரா அடிச்சா எப்படித் தெரியும்? முட்டைக்குள்ள பார்க்கப் புடிக்கற மாதிரி பக்கவாட்டுல புடிக்கோணும்" என்று வெளிச்சத்தைச் சரித்தார். ஓர் எண் எழுந்தது. ஐந்து. மற்ற இரண்டும் எழவில்லை.

சென்னியப்பன் தரையில் உட்கார்ந்து, காலை நீட்டி, மெல்லப் படுத்தார். கண்ணை மூடிக்கொண்டு ஆள்காட்டி விரலை அந்த இடத்தில் வைத்தார். தகரத்தின் முனகலைத் தவிர வேறு சத்தம் இல்லை. விரல் நகர்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. கொட்டகைகளில் பல்லாயிரம் கோழிகள் அந்த நேரம் பார்த்துச் சும்மா இருந்தன.

"ஏழு" என்றார்.

"ஏழுங்களா, ஒண்ணுங்களா?" என்றார் மரகதம்.

"மேல கொம்பு இருக்குது. ஏழுதான். அடுத்தது சுழி. மூடுன சுழி. பூஜ்யம்."

தாளை வைத்துத் தேய்த்தேன். தெரிந்தபின் பார்த்தால் தெரிந்தது. ஏழின் கொம்பு, பூஜ்யத்தின் பாதி. எஸ்டேட்டின் பழைய இன்சூரன்ஸ் ரசீது ஒன்றைப் பிறகு தேடி எடுத்தோம். அதிலும் ஐந்து, ஏழு, பூஜ்யம். எழுந்து உட்கார்ந்தவரின் முதுகில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே மரகதம் என்னிடம் சொன்னார்: "கல்யாணமான புதுசுல என்ற கையக்கூட இவரு இத்தனை பொறுமையாப் புடிச்சதில்லீங்க."

கை காட்டுவது

இடப்பக்கம் ஸ்டீயரிங் உள்ள வண்டிக்குச் சைகை விளக்கு கட்டாயம். ஓட்டுகிறவர் வலப்பக்கம் கை நீட்ட முடியாது என்பது காரணம். இந்தக் காரில் அந்த விளக்கு கிடையாது. சீம்பால் நிறத் தகட்டில் துளை போட வேண்டும் என்றதும், துளைக்கு ஆள் நான் இல்லை என்று தங்கராஜ் ஊரைவிட்டே போய்விட்டார். மூன்றாம் நாள் தானாகவே வந்து, வேறு யாரும் கை வைப்பதற்கு முன் தானே போட்டுவிடுகிறேன் என்றார்.

ஆவணியில் ஆய்வு முடிந்தது. கோப்பு மேலே போனது. இங்கேதான் நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கோப்பை வேகமாக நகர்த்தத் தெரிந்தவனுக்கு மெதுவாக நகர்த்தவும் தெரியும். அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டிய ஒரு கடிதத்தை ஒரு வாரம் என் மேசையில் வைத்திருந்தால் போதும், ஐப்பசி தாண்டிவிடும். லைசென்ஸ் இருக்கும்வரை சட்டம் அவரைத் தடுக்காது. ஆனால் அவர் கைக்குழலுக்குள் நான் பார்த்த அந்த ஒற்றை விளக்கும், அதைச் சுற்றியிருந்த இருட்டும் ராத்திரியில் கண்ணை மூடினால் வந்தன. அந்த இருட்டுக்குள் திருச்சி ரோட்டின் சைக்கிள்காரர்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் இருந்தார்கள்.

கடிதம் மேசையில் மூன்று நாள் கிடந்தது. நாலாம் நாள் மரகதம் தீவன வேனைப் பேக்கரி வாசலில் நிறுத்திவிட்டு மாடியேறி வந்தார். கடிதம் அவர் கண்ணில் பட்டது. நான் விளக்கம் சொல்லத் தொடங்கினேன். அவர் கேட்டுக்கொள்ளவில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"எனக்கும் அந்தப் பயம் இருக்குதுங்க. ஆனா இதை அனுப்பிச்சுருங்க. ஓட்டறதும் ஓட்டாததும் அவரு முடிவு பண்ணோணும். நம்பர் வராம நின்னுபோச்சுன்னா, ஆபீஸ் முடிவு பண்ணுன மாதிரி ஆயிருமுங்க."

வாசல்வரை

நம்பர் ஐப்பசிக் கடைசியில் வந்தது. லைசென்ஸுக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. பழங்கார்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. நினைத்தபோது ஓட்ட முடியாது. கண்காட்சிக்கு, பெட்ரோலுக்கு, பராமரிப்புக்கு மட்டும். தங்கராஜின் பட்டறைக்குப் பராமரிப்புக்காக என்று எழுதி, நான் பின்சீட்டில் ஏறிக்கொண்டேன். சென்னியப்பன் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். பையில் லைசென்ஸ். இடப்பக்கம் ஸ்டீயரிங் முன்னால் அவர், வலப்பக்கம் மரகதம்.

மழை விட்ட காலை. கார் சத்தமே இல்லாமல் கிடங்கைவிட்டு வந்தது. கொட்டகைகளுக்கு நடுவே ஈர மண்ணில், கனவில் நடப்பதுபோல ஊர்ந்தது. நன்றாகத்தான் ஓட்டினார். வாசலை நெருங்கியபோது மரகதம், "நில்லுங்க" என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. கார் நின்றது.

இடப்பக்க விளக்கிலிருந்து ஒரு முழம் தள்ளி, தீவனக் கூடையோடு பண்ணையில் வேலை செய்யும் முத்தம்மா நின்றிருந்தாள். பயந்ததாகத் தெரியவில்லை. காரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"யாரு?" என்றார் சென்னியப்பன்.

"நம்ம முத்தம்மாதானுங்க."

"எப்ப வந்தா?"

"அங்கயேதான் நின்னுட்டு இருந்தா."

அவர் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. வாசலுக்கு அப்பால் ரோட்டில் லாரிகள் போயின. நான் பின்சீட்டில் என் கோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் எல்லாம் சரியாக இருந்தது. பிறகு அவர் கதவைத் திறந்து இறங்கினார். நீண்ட முன்மூடியின்மேல் உள்ளங்கையை ஓட்டியபடி, முன்பக்கமாகச் சுற்றி வந்தார். மரகதம் இறங்கிப் பின்பக்கமாகச் சுற்றிப் போனார். வலப்பக்க இருக்கையில் உட்கார்ந்து கதவைச் சாத்தியதும் சென்னியப்பன் சொன்னார்: "அம்மணி, இது டிராக்டர் இல்லை. கிளட்சை மெதுவா உடு."

திருச்சி ரோடு

ரோட்டில் ஏறிய பிறகுதான் எனக்கு அது புரிந்தது. நம் ஊரில் ஓட்டுகிறவர் வலப்பக்கம் இருப்பார். எல்லாருடைய கண்ணும் வலப்பக்கம்தான் போகிறது. பஸ் டிரைவர்கள் சென்னியப்பனைப் பார்த்துக் கையைத் தூக்கினார்கள். டீக்கடையில் நின்றவர்கள் அவரைப் பார்த்துத் தலையசைத்தார்கள். ஒரு பையன் பைக்கில் கூடவே வந்து, கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனான். அவர் எல்லாருக்கும் கையை உயர்த்தினார். யார் எந்தப் பக்கம் என்று தெரியாமல், பொதுவாக ரோட்டைப் பார்த்து. மற்ற நேரம் இரண்டு கைகளும் மடியில் இருந்தன. வளைவுகளில் மட்டும் லேசாகத் திரும்பின. மரகதம் ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்து, தீவன வேனின் வேகத்திலேயே ஓட்டினார். இருபுறமும் ஈரமான தென்னைகள் பின்னால் போய்க்கொண்டே இருந்தன.

சூலூர் தாண்டி ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டினார். கார் ஓரமாக நின்றது. அவர் காரைப் பார்த்துக்கொண்டே வந்தார். முன்மூடி, விளக்கு, புது நம்பர். வழக்கப்படி வலப்பக்கம் வந்து குனிந்தார்.

"லைசென்ஸ் இருக்குதுங்களா?"

சென்னியப்பன் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். இத்தனை நாள் அதற்காகவே அதை வைத்திருந்தவர்போல. போலீஸ்காரர் அட்டையைப் பார்த்தார், அவர் முகத்தைப் பார்த்தார். ஸ்டீயரிங்கைப் பார்த்தாரா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

"இன்னும் ஆறு நாள்தானுங்க இருக்குது."

"ஆமாங்க. தெரியும்."

"சரி, பார்த்து ஓட்டுங்கய்யா."

"ஆகட்டுமுங்க" என்றார் சென்னியப்பன். கார் நகர்ந்தது. வெகுதூரம்வரை அவர் லைசென்ஸைப் பைக்குள் வைக்கவில்லை.

சிங்காநல்லூரில் தங்கராஜின் பட்டறை வாசலில் இறங்கியபோது, தொழில் புத்தி திரும்பி வந்து, மரகதத்திடம் அவருடைய லைசென்ஸைக் கேட்டேன். அவர் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "என்றதுங்களா? அது ஊட்டுல பீரோவுக்குள்ள இருக்குது. நான் ஓட்ட வேண்டி வருமுன்னு நெனைக்கலீங்களே."

முப்பது வருடத்தில் நான் இத்தனை பாடுபட்டு ரோட்டுக்குக் கொண்டுவந்த வண்டி வேறு கிடையாது. அன்று அதில் லைசென்ஸ் வைத்திருந்தவர் ஓட்டவில்லை, ஓட்டியவர் லைசென்ஸ் வைத்திருக்கவில்லை, இரண்டையும் பார்க்க வேண்டிய நான் பின்சீட்டில் தென்னை மரங்களை வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தேன்.